மனக்குறை கேட்கக் கற்ற வரலாறு



"இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று ஒருவரையொருவர் கேலி செய்வது நம் தோட்டப்புறங்களில் மிகப் பழைய வழக்கம். பேராக் மாநிலத்தில், ஈப்போ நகருக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. ரயில் நிலையமும் கடைத்தெருவும் உள்ள சாதாரண ஊர்தான். 1911ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கென்று ஒரு மனநோய் மருத்துவமனையை அங்கே திறந்தார்கள். அதன் பிறகு அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாகி விட்டது. 1971இல் அந்த மருத்துவமனைக்கு 'பஹாகியா', அதாவது 'மகிழ்ச்சி' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். பெயர் மாறி அரை நூற்றாண்டு கடந்து விட்டது. கேலி இன்னும் மாறவில்லை.

அந்தக் கேலிக்குப் பின்னால் ஓர் அச்சம் இருக்கிறது. ஒருவருக்கு மனம் சரியில்லை என்று வெளியில் தெரிந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்து விடுவார்கள் என்ற அச்சம் அது. அந்த அச்சத்தை நாம் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தொடக்கக் காலத்தில் மனநோய் மருத்துவமனை என்பது பெரும்பாலும் அடைத்து வைக்கும் இடமாகவே இருந்தது. சிங்கப்பூரில் 1841ஆம் ஆண்டிலேயே பித்தர் விடுதி ஒன்று கட்டப்பட்டது. அதற்கு முன் அங்கே மனநோயாளிகளைக் குற்றவாளிகளோடு சேர்த்துச் சிறையில் வைத்திருந்தார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, தஞ்சோங் ரம்புத்தானில் இருந்த நோயாளிகள் பெருந்தொகையாகப் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். நம் பாட்டன் பாட்டிமார் அந்த ஊரின் பெயரைக் கேட்டு நடுங்கியதற்குக் காரணம் இருந்தது.

அப்படி அடைக்கப்பட்டவர்களின் குறையை யார் கேட்டார்கள்? எந்த மொழியில் கேட்டார்கள்? இன்றைய உரையில் நாம் ஆராயப் போவது இதைத்தான். இன்று 'மனநல ஆலோசனை' என்று சொல்லப்படும் முறை ஒரே நாளில் தோன்றிவிடவில்லை. வேற்று மொழியும் வேற்றுப் பழக்கவழக்கமும் உடைய மனிதரின் துயரத்தை எப்படிக் கேட்பது என்று மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன.

பழைய தோட்ட ஆஸ்பத்திரியை ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போம். பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் போகிறார். "நெஞ்சிலே கல்லை வைத்த மாதிரி இருக்குதுங்க, தலை கனக்குது, சோறு இறங்கல" என்கிறார். மொழிபெயர்ப்பவர் அதைச் சுருக்கி, "நெஞ்சுவலி, தலைவலி" என்கிறார். மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்க்கிறார், ஒன்றுமில்லை. மாத்திரை தருகிறார். அந்தத் தொழிலாளி சொன்னது உண்மையில் நெஞ்சு நோயைப் பற்றியதா? மூன்று மாதம் முன்பு இறந்துபோன மகளைப் பற்றியதாக அது இருக்கலாம் அல்லவா? நம் மொழியில் துயரத்துக்கு இருப்பிடம் நெஞ்சும் வயிறும்தான். வயிறு எரிகிறது என்கிறோம். நெஞ்சு அடைக்கிறது என்கிறோம். ஈரல்குலை நடுங்குகிறது என்கிறோம். இந்தச் சொற்கள் மொழிபெயர்ப்பில் உடல் நோயாக மாறிவிடுகின்றன.

இது ஏதோ ஒரு தோட்டத்து மருத்துவர் செய்த பிழை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். உலகப் புகழ் பெற்ற அறிஞர்களே இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். ஜெர்மனி நாட்டில் எமில் கிரேப்லின் என்று ஒரு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். மனநோய்களை வகைபிரித்துக் காட்டியதில் அவருக்கு இணை அக்காலத்தில் எவருமில்லை. 1904ஆம் ஆண்டில் அவர் நம் அண்டையிலுள்ள ஜாவாத் தீவுக்கு வந்து, இன்று போகோர் எனப்படும் ஊரின் மனநோய் மருத்துவமனையில் சில வாரங்கள் தங்கினார். ஐரோப்பாவில் கண்ட நோய்கள் ஆசிய மக்களிடமும் உண்டா என்று பார்ப்பது அவர் நோக்கம். நோக்கம் நல்லதுதான். அங்கு கடுமையான மனச்சோர்வு அரிது என்றும், ஐரோப்பிய நோயாளிகளைப் போல் "நான் பாவி, நான் குற்றவாளி" என்று தம்மைத் தாமே நொந்துகொள்வது ஜாவா மக்களிடம் ஏறக்குறைய இல்லை என்றும் அவர் எழுதினார்.

ஜாவா மொழி அவருக்குத் தெரியாது. அடைக்கப்பட்ட நிலையில் இருந்த, அதுவும் வெறிகொண்டு பிறருக்குத் தொல்லை தந்ததனால் அடைக்கப்பட்ட மனிதர்களையே அவர் பெரிதும் கண்டார். வீட்டு மூலையில் சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடப்பவளை யார் மருத்துவமனைக்குக் கொண்டு வரப்போகிறார்கள்? அவளால் எவருக்கும் தொல்லையில்லையே. ஆகவே அவள் கணக்கில் வரவில்லை.

இதே போன்ற ஒரு கருத்து அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. கென்யா நாட்டின் நைரோபி நகரில் மதாரி மனநோய் மருத்துவமனையை நடத்தி வந்த ஜே. சி. கரோதர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1953இல் ஒரு நூல் எழுதினார். அதை வெளியிட்டது உலகச் சுகாதார நிறுவனம். ஆப்பிரிக்கரிடம் மனச்சோர்வு நோய் அரிது என்று அவர் சொன்னார். அத்தோடு நின்றாரா? இல்லை. ஆப்பிரிக்கரின் மனம் முன்மூளையில் அறுவை செய்யப்பட்ட ஐரோப்பியரின் மனத்தை ஒத்தது என்றும் எழுதினார். அடுத்த ஆண்டே கென்ய மக்களின் மாவ் மாவ் கிளர்ச்சியைப் பற்றி அரசாங்கத்துக்கு ஆய்வுரை எழுதித் தருமாறு அவரையே அழைத்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் கோபத்துக்கு அவர்களுடைய மூளையில் காரணம் தேடுவது ஆட்சியாளர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"கூலிக்காரனுக்கு என்ன கவலை? உழைப்பான், குடிப்பான், தூங்குவான்" என்ற பேச்சு நம் தோட்டங்களிலும் கேட்டதுதான். வெள்ளைக்காரத் துரைமார் மட்டுமா அப்படிப் பேசினார்கள்? படித்த நம்மவரும் பேசியதுண்டு. கிரேப்லினும் கரோதர்ஸும் எழுதியதைப் படிக்கும்போது அந்தப் பேச்சு எங்களுக்கு நினைவுக்கு வராமல் இல்லை.

கரோதர்ஸின் நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1954இல், நைஜீரியா நாட்டைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் இங்கிலாந்தில் படிப்பை முடித்துத் தாயகம் திரும்பினார். அவர் பெயர் தாமஸ் அடியோயே லம்போ. 1923இல் அபியோகுட்டா என்ற ஊரில் பிறந்தவர், யொரூபா இனத்தவர். தம் சொந்த ஊருக்கு அருகிலேயே ஆரோ என்னுமிடத்தில் புதிய மனநோய் மருத்துவமனையை நடத்தும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. வந்து பார்த்தால் கட்டடம் முடியவில்லை. நோயாளிகள் காத்திருக்கிறார்கள், படுக்கையில்லை.

லம்போ என்ன செய்தார் தெரியுமா? மருத்துவமனையைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குப் போய் ஊர்ப் பெரியவர்களோடு பேசினார். நோயாளிகளை உங்கள் வீடுகளில் தங்க வைப்பீர்களா என்று கேட்டார். வாடகை தருவதாகச் சொன்னார். கிராமத்தார் சம்மதித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு நோயாளியோடும் உறவினர் ஒருவராவது வந்து தங்க வேண்டும். தாயோ, தமக்கையோ, அண்ணனோ, அத்தையோ யாராயிருந்தாலும் சரி. அவர் சமைத்துப் போடுவார், துணி துவைப்பார், காலையில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பிற்பகலில் திரும்ப அழைத்து வருவார். பகலில் ஊசி, மருந்து, சிகிச்சை. மாலையில் கிராமத்துத் திண்ணை, சந்தை, பாட்டு, கூத்து.

இந்த ஏற்பாட்டினால் கிராமத்துக்கும் நன்மை விளைந்தது. கூடுதல் அறை கட்டிக்கொள்ளக் கடன் கிடைத்தது. குழாய்த் தண்ணீர் வந்தது. கொசு ஒழிப்பு நடந்தது. கிராமத்தார் சிலருக்கு மருத்துவமனையில் வேலையும் கிடைத்தது. பைத்தியக்காரர்கள் நடுவில் வாழ்கிறோமே என்று அவர்கள் மிரண்டு ஓடவில்லை. மனம் நொந்தவரை ஊரைவிட்டு ஒதுக்கி வைக்கும் பழக்கம் அந்த மக்களிடம் அவ்வளவாக இல்லாததும் லம்போவுக்குத் துணை நின்றது.

இன்னொரு காரியமும் அவர் செய்தார். அக்கால மருத்துவ உலகம் அதைக் கண்டு முகம் சுளித்தது. ஊர் வைத்தியர்களையும் சடங்கு செய்யும் பூசகர்களையும் அழைத்துத் தம்மோடு பணிபுரியச் செய்தார். அவர்கள் மருந்து கொடுப்பதில் தம் மேற்பார்வை இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். ஆனால் நோயாளி எதற்கு அஞ்சுகிறார், எந்தப் பகையை எண்ணி மருகுகிறார், எந்த நேர்த்திக்கடனை மறந்ததால் குற்ற உணர்ச்சி கொள்கிறார் என்பதையெல்லாம் அந்தப் பெரியவர்கள் அறிந்த அளவுக்குத் தம்மால் அறிய முடியாது என்று அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தில் பட்டம் பெற்று வந்த ஒருவர் இதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

பிறகு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் லைட்டன் குழுவினரோடு சேர்ந்து லம்போ யொரூபா கிராமங்களில் விசாரணை நடத்தினார். அதன் முடிவுகள் 1963இல் நூலாக வந்தன. யொரூபா மொழியில் 'மனச்சோர்வு நோய்' என்று ஒற்றைச் சொல் இல்லை. ஆனால் தூக்கமின்மை, பசியின்மை, அழுகை, எதிலும் நாட்டமின்மை என ஒவ்வொன்றையும் மக்கள் தம் சொற்களில் நன்றாக எடுத்துச் சொன்னார்கள். மனச்சோர்வின் அறிகுறிகள் அங்கே அரிதாக இல்லை, மிகுதியாகவே இருந்தன. கரோதர்ஸ் காணாததை அவர்கள் கண்டார்கள். காரணம் எளிது. அவர்கள் கிராமத்துக்குப் போனார்கள், கிராமத்தாரின் மொழியில் கேட்டார்கள். லம்போ பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். 2004இல் காலமானார்.

இதே காலத்தில் மேல்நாட்டிலும் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளநூல் அறிஞர் 1942இல் வெளியிட்ட நூலில், ஆலோசனைக்கு வருபவரை 'நோயாளி' என்று அழைப்பதைக் கைவிட்டார். வருபவருக்குத் தம் வாழ்வைச் சீர்ப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் உள்ளத்திலேயே இருக்கிறது. அவரை எடைபோடாமல், இடைமறிக்காமல் கேட்டால் போதும். உபதேசம் வேண்டாம் என்பது அவர் கொள்கை. லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953இல் உயிரை வெறுத்தவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கினார். அதற்கு வித்திட்டது 1935இல் அவர் நடத்திய முதல் சவ அடக்கம். பருவமடைந்த ஒரு சிறுமி தன் உடலில் ஏற்பட்ட இயற்கையான மாற்றத்தைக் கொடிய நோய் என்று எண்ணி உயிரை மாய்த்துக்கொண்டாள். கேட்டுத் தெளிய அவளுக்கு ஓர் ஆள் இல்லை. தொலைபேசிச் சேவை தொடங்கியபின் பாதிரியாரைப் பார்க்க வந்தவர்கள் வெளியே காத்திருப்பார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்கள் இருந்தார்கள். அத்தொண்டர்களோடு பேசிய பலர் பாதிரியாரைக் காணாமலேயே மனம் தெளிந்து வீடு திரும்பினார்களாம்! சிங்கப்பூரில் 1969இலும் கோலாலம்பூரில் 1970இலும் இதே வழியில் சேவைகள் தொடங்கின. கோலாலம்பூரில் அதற்கு 'பிஃப்ரெண்டர்ஸ்' என்று பெயர்.

ரோஜர்ஸ் சொன்ன முறை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எல்லா மக்களுக்கும் அப்படியே பொருந்துமா? நம் மக்கள் ஒரு பெரியவரிடம் போனால், "நீங்களே ஒரு வழி சொல்லுங்க ஐயா" என்றுதான் கேட்பார்கள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டால், 'இவருக்கே தெரியவில்லை போலும்' என்று எழுந்து வந்துவிடுவார்கள். இந்தச் சிக்கலை ஆழ்ந்து நோக்கியவர்களில் பால் பெடர்சன் என்ற அமெரிக்கர் ஒருவர். இந்தோனேசியாவிலும் நம் மலேசியாவிலும் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் அவர். பல இனத்தவருக்கு ஆலோசனை கூறுவது பற்றி 1976இல் அவரும் பிறரும் ஒரு நூல் தொகுத்தார்கள். ஆலோசகர்களைப் பயிற்றுவிக்க அவர் ஒரு வேடிக்கையான முறையைக் கையாண்டார். ஆலோசகர் ஒரு பக்கம், உதவி தேடி வந்தவர் ஒரு பக்கம். வந்தவரின் இனத்தைச் சேர்ந்த மூன்றாம் ஆள் ஒருவர் அருகே அமர்ந்து, வந்தவர் மனத்துக்குள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

நம் சூழலில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். படிவம் ஐந்து முடித்த தோட்டத்துப் பெண் ஒருத்தியிடம் ஆலோசகர், "உனக்கு என்னம்மா விருப்பம்?" என்று கேட்கிறார். அவள், "தெரியலங்க" என்கிறாள். மூன்றாம் ஆள் சொல்கிறார்: "என் விருப்பம் யாருக்கு வேணும்? அப்பா என்ன சொல்வாரோ. நான் இங்கே வந்ததைப் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துட்டாங்களே, அதுவே பெரிய வம்பு." ஆலோசகர் திடுக்கிடுகிறார். தாம் ஒருத்தியோடு பேசுவதாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அறையிலோ ஒரு லயமே உட்கார்ந்திருக்கிறது!

இனி மீண்டும் ஆப்பிரிக்காவுக்குப் போவோம். இந்த வரலாற்றில் எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி அங்கேதான் இருக்கிறது. ஜிம்பாப்வே நாட்டில் 2005ஆம் ஆண்டு அரசாங்கம் நகர்ப்புறக் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் நிறுவனம் கணக்கிட்டது. நாட்டில் மனநோய் மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபண்டா. தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் ஏதாவது செய்ய வேண்டும் என்று 2006இல் முற்பட்டார். மருத்துவமனையில் இடமில்லை, தாதியர்களுக்கு நேரமில்லை. அவருக்குத் துணையாகக் கிடைத்தவர்கள் சுகாதாரத் தொண்டு செய்துவந்த பதினான்கு பாட்டிமார். மருத்துவமனைச் சுவருக்குள் இடமில்லாததால் வெளியே ஒரு மரப்பெஞ்சு போட்டு அங்கேயே பேசத் தொடங்கினார்கள்.

சிபண்டா முதலில் அதற்கு 'மனநலப் பெஞ்சு' என்று பெயர் வைத்தார். எவரும் வந்து உட்காரவில்லை. பெயரைக் கண்டே ஓடினார்கள். பாட்டிமார் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். பெயரை மாற்றச் சொன்னவர்கள் அவர்கள்தான். அது 'நட்புப் பெஞ்சு' ஆயிற்று. மனச்சோர்வு என்னும் மருத்துவச் சொல்லையும் பாட்டிமார் ஏற்கவில்லை. அவர்களுடைய ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் இருக்கிறது. 'அளவுக்கு மீறி யோசித்தல்' என்பது அதன் பொருள். "நீ குஃபுங்கிசிசா கொண்டிருக்கிறாயா?" என்று கேட்டால் எந்த ஏழைப் பெண்ணும் நாணாமல் தலையசைப்பாள். நம் வீட்டுப் பெரியவர்கள், "அவளுக்கு ஒரே யோசனைங்க, அதான் இப்படி இளைச்சுட்டா" என்று சொல்வதும் இதுதானே! எங்கோ இருக்கும் ஷோனா மக்களும் நாமும் இந்நோய்க்கு ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

அந்தப் பாட்டிமார் சும்மா ஊர்க்கதை பேசவில்லை. முறையாகப் பயிற்சி பெற்றார்கள். மக்களின் சொந்தச் சொற்களைக் கொண்டே தயாரிக்கப்பட்ட பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு தாள் அவர்களிடம் இருந்தது. முதலில் மனத்தைத் திறக்கச் செய்வது. அடுத்து, சிக்கல்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குச் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை வந்தவரையே முடிவு செய்யச் சொல்வது. பிறகு மறுபடி வரவழைத்து என்ன ஆயிற்று என்று கேட்டு ஊக்குவது. கடன், கணவனின் அடி, வேலையின்மை, நோய் என்று எல்லாச் சிக்கலையும் ஒரே நாளில் தீர்க்க அவர்கள் முயலவில்லை. ஒன்றைப் பிடித்தார்கள். பேசித் தேறியவர்கள் பின்னர் ஒன்றுகூடிப் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பைகள் பின்னி விற்றார்கள்.

பேச்சினால் நோய் தீருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். ஹராரேயில் 573 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பாட்டிமாரோடு பெஞ்சில் அமர்ந்து பேசியவர்களில் நூற்றுக்கு 14 பேரிடமே இருந்தன. கடுமையான நோய் கண்டவர்களையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்களையும் பாட்டிமார் தாமே வைத்துக்கொள்ளாமல் மேல்நிலைத் தாதியரிடமும் மருத்துவரிடமும் அனுப்பினார்கள். இது கவனிக்க வேண்டிய செய்தி. இல்லாத குரல்கள் காதில் விழுவது, எவரோ கொல்ல வருகிறார்கள் என்று அஞ்சி நடுங்குவது போன்றவற்றுக்கு மருந்து வேண்டும். அதற்குப் பேச்சு மட்டும் போதாது. உடுக்கையும் வேப்பிலையும் மட்டும் போதவே போதாது. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்வதால் மனத்துக்குத் தெம்பு வருகிறதென்றால் கட்டிக்கொள்ளட்டும். மருத்துவரையும் பார்க்கட்டும். ஆரோ கிராமத்தில் லம்போ இரண்டையும் ஒன்றாகத்தானே நடத்தினார்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். மனநோய்க்கென்று தனியே ஒதுங்கிய பெரிய மருத்துவமனைகள் மட்டும் இருந்த நிலை 1958இல் மாறத் தொடங்கியது. அவ்வாண்டு பினாங்குப் பொது மருத்துவமனையிலேயே ஒரு மனநோய்ப் பிரிவு அமைந்தது. பிற நோயாளிகள் போகும் அதே வாசல் வழியாக மனம் நொந்தவரும் போக முடிந்தது. 1998இல் ஆலோசகர் சட்டம் வந்தது. பதிவு பெற்றவரே ஆலோசகர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளலாம். வந்தவர் சொன்னதை இரகசியமாகக் காப்பது அவர் கடமை. 1952ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது.

இவற்றையெல்லாம் விடத் தோட்டக் குடும்பங்களைத் தொட்ட மாற்றம் 2023இல் நிகழ்ந்தது. அதுவரை, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர் நம் நாட்டுச் சட்டப்படி குற்றவாளி. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அப்படிக் கூறியது. இதற்கு அஞ்சியே எத்தனை வீடுகளில் "தவறிப்போய்க் குடித்து விட்டாள்" என்று பொய் சொன்னார்கள்! பொய் சொன்னதால் உடலுக்கு மட்டும் வைத்தியம் நடந்தது. மனத்தை எவரும் கேட்கவில்லை. அந்தப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2020இலேயே நீக்கி விட்டார்கள். தோட்டங்களில் பல உயிர்களைக் கொண்டுபோன 'பராகுவாட்' என்ற களைக்கொல்லியும் நம் நாட்டில் 2020 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. இருந்தாலும் மருந்துப் போத்தல்களை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டிய கொட்டகையில் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஓர் உயிர் ஊசலாடும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு பூட்டு பெரிய தடை.

முன்பு லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அது தொல்லையும்தான், துணையும்தான். இன்று நம் குடும்பங்களில் பல தோட்டத்தை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. வீட்டுக் கதவுகள் மூடியிருக்கின்றன. செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். நம் பாட்டனார் அன்று கப்பலில் வந்து இறங்கியபோது எப்படி மொழி தெரியாமல் நின்றாரோ அப்படித்தான் இன்று அவர்களும் நிற்கிறார்கள். அவர்களுடைய நெஞ்சுவலியையும் எவராவது சரியாக மொழிபெயர்க்க வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு சொல். "தலைவலி" என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, எத்தனை நாளாகச் சோறு இறங்கவில்லை, எதை எண்ணி எண்ணி மனம் சுற்றுகிறது என்று அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலாய் தடுமாறினால் தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. சொந்தக்காரப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போவதை மட்டும் கூடுமானவரை தவிர்த்திடுங்கள். தாயின் துயரத்தைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது பிள்ளைக்கும் பாரம். பிள்ளையின் முன் தாயும் முழுவதையும் சொல்ல மாட்டார். ஆபத்தான எண்ணம் தலைதூக்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போகலாம். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவையும் இருக்கிறது. அதன் எண் 15555. எழுதிக்கொள்ள வசதியாக மறுபடியும் சொல்கிறோம்: ஒன்று, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து.